தம்புராவின் இழையும் பாஸ் கிதாரின் பெட்டியும்



காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவிலே, ஸ்ரீரங்கத்துக்குக் கூப்பிடு தொலைவில் இருப்பது திருவானைக்கா. அங்கே 1888-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் நாள் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஒளியிலே இறங்குவதற்கு முன் அவர் பல்லாண்டுகள் ஒலியிலே மூழ்கிக் கிடந்தவர் என்பது அவ்வளவாகப் பரவாத செய்தி. அவருடைய தந்தையார் வயலின் வாசிப்பதில் வல்லவர். மனைவியார் லோகசுந்தரி வீணை பயின்றவர். கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, காலையிலும் மாலையிலும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கம்பிகளையும் தோல்களையும் தட்டி மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் ராமன். பின்னர், 1921-இல், அவர் எழுதிய சிறு கட்டுரை ஒன்று நம் வீட்டு மூலையில் சாத்தி வைத்திருக்கும் தம்புராவைப் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், தம்புராவின் குதிரைமீது கம்பிக்கடியில் செருகப்படும் ஒரு சிறு நூலிழையைப் பற்றியது.

அந்த இழையைப் பற்றி இன்று பேச வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களிலும், தேவாலயப் பாடற்குழுக்களிலும், கல்லூரி விழா மேடைகளிலும் பாஸ் கிதார் வாசிக்கும் இளைஞர்களின் காலடியில் ஒரு சிறு உலோகப் பெட்டி கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஏறத்தாழ ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். இரண்டு மூன்று குமிழ்கள், காலால் மிதிக்க ஒரு விசை, அவ்வளவே. மிதித்தவுடன் அதுவரை மெழுகிப் போட்டாற்போல் ஓடிக்கொண்டிருந்த அடிநாதம் கரகரவென்று உறுமத் தொடங்கும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘டிஸ்டார்ஷன்’. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நல்ல நாதத்தைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வானேன் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்பவர் வீட்டிலே தம்புரா இருக்குமாயின், அதே கேள்வியை அந்தத் தம்புராவின் இழையைப் பார்த்தும் கேட்கவேண்டியிருக்கும். இழையும் பெட்டியும் ஒரே தொழிலைத்தான் செய்கின்றன.

‘டிஸ்டார்ஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? உருக்குலைவு என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லிலேயே தீர்ப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. பள்ளியில் இலக்கணமும் கற்பித்த எனக்கு, நன்னூலார் கையாண்ட ஒரு சொல்லே இதற்குப் பொருத்தமாகப் படுகிறது. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது ஒரு மாறுதலும் இல்லையெனில் அது இயல்பு. மாறுதல் நேர்ந்தால் அது விகாரம். விகாரம் மூவகைப்படும். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடியாகும்போது புதிதாக ஓரெழுத்துத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடமாகும்போது ஓரெழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது ஓரெழுத்துக் கெடுகிறது. பூங்கொடியை யாரும் கெட்டுப்போன பூக்கொடி என்று சொல்வதில்லை. விகாரம் என்பது இலக்கணத்தில் வசைச்சொல் அன்று. விதிக்கு உட்பட்ட மாறுதல் என்பதே பொருள். ஒலியின் விகாரத்திலும் தோன்றலும் திரிதலும் கெடுதலும் உண்டு. எது தோன்றுகிறது என்பதுதான் முக்கியம்.

ஆண் குரலுக்கு ஏற்ப ஒரு கட்டைச் சுருதியில் கூட்டிய தம்புராவை எடுத்துக்கொள்வோம். அதன் சாரணைக் கம்பிகள் வினாடிக்கு ஏறக்குறைய 131 முறை அதிர்கின்றன. கடைசியிலுள்ள மந்தரக் கம்பி அதில் பாதி, ஏறக்குறைய 65 முறை அதிர்கிறது. கம்பி முழு நீளமாக அதிர்வதோடு, இரு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்காகவும், ஐந்தாகவும் ஒரே சமயத்தில் அதிரக்கூடியது. அப்போது 65-இன் மடங்குகளான 131, 196, 262, 327 என்னும் அதிர்வுகளும் பிறக்கின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்பர். இரண்டாவது மேல் ஸ்தாயி சட்ஜம். மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம். நான்காவது மறுபடியும் சட்ஜம். ஐந்தாவது அந்தர காந்தாரம். யாரும் மீட்டாத காந்தாரம் தம்புராவிலிருந்து தானே எழுந்து ஒலிப்பதைக் கேட்டு, அதைச் சுயம்பு என்று போற்றினார்கள் நம் வித்துவான்கள். சுயம்புதான், ஆயினும் அது அவ்வளவு தெளிவாகக் கேட்பது இழையின் உபயத்தால்.

இழையை எடுத்துவிட்டு ஒருமுறை மீட்டிப் பாருங்கள். ‘தொம்’ என்று ஒரு மொட்டை ஒலி எழுந்து உடனே அடங்கிவிடும். இழையைக் கம்பிக்கடியில் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே மீட்டினால், ஓரிடத்தில் அந்த மொட்டை ஒலி திடீரென்று பூத்துக்கொள்ளும். ரீங்காரம் எழும், நெடுநேரம் நிற்கும். அந்த இழைக்கு ஜீவா, ஜீவாளி என்று பெயர் வைத்தவர் யாரோ, பெயர் வைக்கத் தெரிந்தவர்.

இதில் நிகழ்வது என்ன? வயலினின் குதிரை கத்தி முனைபோல் மெல்லியது. கம்பி அந்த முனையில் அமர்ந்து, அங்கிருந்து நேரே புறப்படுகிறது. தம்புராவின் குதிரையோ அகலமானது. அதன் மேற்புறம் மிக இலேசாக வளைந்து சரிந்திருக்கும். இழை கம்பியை ஒரு நூலளவு தூக்கிப் பிடிக்கிறது. கம்பி மேலே எழும்போது தடையின்றி எழுகிறது. கீழே வரும்போதோ, இழைக்கு முன்னாலுள்ள சரிவில் உரசி மீள்கிறது. அதாவது, கம்பி தன் அதிர்வின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு தடையைச் சந்திக்கிறது. வினாடிக்கு 65 முறை இந்தத் தட்டல் நிகழ்கிறது. ஒவ்வொரு தட்டலும் கம்பியின் மெழுகிய வளைவை ஒடித்துக் கூராக்குகிறது. கூரான அலையில்தான் மேற்சுரங்கள் மிகுதி. அடிச்சுரத்தில் தேங்கிக் கிடந்த சக்தியில் ஒரு பகுதி இவ்வாறு மேலே ஏற்றப்படுகிறது.

ராமன் கண்டது இதைவிட வியப்பானது. தாமஸ் யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் இரு பேரறிஞர்களின் பெயரால் வழங்கும் ஒரு விதி உண்டு. கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தை அசையாப் புள்ளியாகக் கொண்ட மேற்சுரம் அந்த நாதத்தில் இருக்கவே முடியாது என்பது அவ்விதி. நடுவே மீட்டினால் இரண்டாம் மேற்சுரம் எழாது. நடுப்புள்ளி அதற்கு அசையாப் புள்ளி அன்றோ? ஆகவே கம்பியைச் சரியாக நடுவில் மீட்டி, உடனே அதே நடுவில் விரல் நுனியை இலேசாக வைத்தால் கம்பி ஊமையாகிவிட வேண்டும். மற்றக் கம்பி வாத்தியங்களில் அப்படித்தான் நடக்கிறது. தம்புராவிலும் வீணையிலும் இச்சோதனையைச் செய்தார் ராமன். கம்பி ஊமையாகவில்லை. இருக்கக்கூடாத மேற்சுரம் பலமாகவே பாடிற்று. விதியை மீறுவது வளைந்த குதிரைதான் என்று அவர் எடுத்துக்காட்டினார். மீட்டும் விரல் கொடுக்காத சுரத்தையும் குதிரை கொடுக்கிறது. உள்ளே போகாத சுரம் வெளியே வருமானால், இடையே விகாரம் நிகழ்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

வீணைக்கு இழை கிடையாது. அதன் குதிரைமேல் பதித்த உலோகத் தகட்டின் வளைவே இழையின் வேலையைச் செய்துவிடுகிறது. ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் வைகுண்ட ஏகாதசித் திருநாளின்போது வீணை ஏகாந்தம் நடப்பதைக் கண்டவர்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். வீணையொன்றின் ஒலி அந்தக் கல் மண்டபங்களின் விரிவிலே கரைந்துவிடாமல் காதை வந்து தொடுகிறதே, அதற்கு அந்தத் தகட்டின் வளைவும் ஒரு காரணம். மிருதங்கத்திலும் இந்தச் சூட்சுமம் உண்டு. வலந்தலைத் தோல்களின் இடுக்கிலே சிறு குச்சிகளைச் செருகுவார்கள். கப்பி மிருதங்கமானால் குச்சிக்குப் பதிலாகப் பொடிக்கற்கள். தோல் அதிரும்போது அவை இடையிலே துடித்து, சாப்புக்கு ஒரு கீற்றொலியைத் தருகின்றன. அடிநாதத்தை அப்படியே விட்டுவிடாமல், அதன்மீது ஒரு கரகரப்பை அளந்து தூவுவது நம் வாத்தியக் கலைஞர்களின் பழைய பழக்கம் என்றே தோன்றுகிறது.

அடிநாதத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு உபசாரம்? நம் செவியின் இயல்பு அப்படி. தாழ்ந்த அதிர்வுகளை நம் செவி மந்தமாகவே உணர்கிறது. 65 அதிர்வுடைய ஒலி காதில் விழவேண்டுமானால், 500 அல்லது 1,000 அதிர்வுடைய ஒலியைக் காட்டிலும் அதற்குப் பன்மடங்கு பலம் வேண்டும். ஆயினும் செவிக்கு ஒரு வித்தை தெரியும். 131, 196, 262, 327 என்னும் மேற்சுரங்கள் மட்டும் வந்து சேர்ந்து, 65 வராமலே போனாலும், இவற்றின் இடைவெளி 65 என்று கணக்கிட்டு, 65-இன் சுருதியையே உணர்ந்துகொள்ளும். கைக்கு அடக்கமான வானொலிப் பெட்டியையோ கைப்பேசியையோ எண்ணிப் பாருங்கள். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அதன் ஒலிபெருக்கி 65 அதிர்வுகளை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. அப்படியும் அதில் தம்புராவின் மந்தரம் உங்களுக்குக் கேட்கிறது. வராத சுரத்தைத்தான் கேட்கிறீர்கள். 1939 மே 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கிய காலந்தொட்டு, எளிய வானொலிப் பெட்டிகளில் கச்சேரி கேட்டவர்களுக்கு மந்தர சுருதி கேட்டதெல்லாம் பெரும்பாலும் இந்த வகையில்தான்.

இனிப் பாஸ் கிதாருக்கு வருவோம். மின்சாரப் பாஸ் கிதாரை வெற்றிகரமாகச் செய்து 1951-இல் கடைக்குக் கொண்டுவந்தவர் லியோ ஃபென்டர் என்னும் அமெரிக்கர். அவர் இசைக்கலைஞர் அல்லர். கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். நான்கு கம்பிகள், அவற்றின் அதிர்வுகள் ஏறக்குறைய 41, 55, 73, 98. தம்புராவின் மந்தரக் கம்பி நிற்கும் அதே தளத்தில்தான், சில அடி இன்னும் கீழே இறங்கியும், இந்த வாத்தியம் உலவுகிறது. எஃகுக் கம்பிக்கடியில் காந்தமும் கம்பிச்சுருளும் வைத்திருப்பார்கள். கம்பி அதிரும்போது சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலியாக்குவார்கள். தமிழ்த் திரையிசையில் பாஸ் கிதாரைக் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க விடாமல், தனித்துப் பாடும் குரலாக நடத்தியவர் இளையராஜா. நம் இளைஞர்களிடம் இவ்வாத்தியத்துக்கு இத்துணை ஈடுபாடு உண்டானதில் அவருக்குள்ள பங்கு பெரிது.

பாஸ் கிதாரின் துன்பமும் மந்தரக் கம்பியின் துன்பமே. தனியே வாசிக்கும்போது நிறைவாக இருக்கும். மத்தளம், டிரம், கிதார், கீபோர்டு எல்லாம் சேர்ந்துவிட்டால் அடியில் புதைந்துபோகும். சத்தத்தைக் கூட்டினால் மண்டபம் அதிருமேயொழிய சுரம் தெளியாது. மேற்சுரங்களை வளர்ப்பதே வழி. அந்த வழி தற்செயலாகத்தான் கிட்டிற்று. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகரின் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிரேடி மார்ட்டின் ஆறு கம்பிப் பாஸ் கிதார் வாசித்தார். ஒலிக்கலவை மேசையின் ஒரு தடத்தில் ஏதோ பழுது. பாஸ் கிதாரின் நாதம் வண்டு குடைவதுபோல் கரகரத்துப் பதிவாயிற்று. அதைத் தூக்கி எறியாமல் அப்படியே விட்டார்கள். 1961-இல் பாட்டு வெளியாகி நன்றாக விலை போயிற்று. அந்தக் கரகரப்பு வேண்டுமென்று மற்றவர்களும் கேட்கத் தொடங்கவே, அங்கே பொறியாளராயிருந்த கிளென் ஸ்னாடி, பழுதான மேசையை நம்பாமல், மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அதே விகாரத்தைத் தரும் ஒரு சுற்றைத் தாமே அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதை வாங்கி, 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்னும் பெயரில் காலால் மிதிக்கும் பெட்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் கிதார்க்காரர்கள் பெருமையாகக் கொண்டாடும் இந்தக் கரகரப்பு, பாஸ் தளத்து வாத்தியமொன்றிலிருந்து பிறந்தது என்பதைப் பாஸ் வாசிப்பவர்களே பலர் அறியார்.

பெட்டிக்குள் நடப்பது எளிமையானது. கம்பியிலிருந்து வரும் மின்னலை மலைத்தொடர்போல் ஏறி இறங்கி வருகிறது. முதலில் அதை வேண்டிய மட்டும் பெருக்குகிறார்கள். பிறகு ஒரு கூரையை வைத்து, அதற்குமேல் போகாதே என்று தடுக்கிறார்கள். அந்தக் கூரையாக அமைவது பெரும்பாலும் டையோடு. சிலிக்கன் டையோடு ஏறக்குறைய 0.6 வோல்ட்டிலும், ஜெர்மானியம் ஏறக்குறைய 0.3 வோல்ட்டிலும் கதவைத் திறந்து மிச்சத்தை வடித்துவிடும். மலையின் சிகரம் மழுங்கி மேசைபோலாகிவிடும். இரு பக்கமும் ஒரே அளவாக வெட்டினால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் தோன்றும்: மூன்றாவதாகிய பஞ்சமம், ஐந்தாவதாகிய காந்தாரம், ஏழாவது, ஒன்பதாவது என்று. ஒரு பக்கம் குறைத்தும் மறுபக்கம் கூட்டியும் வெட்டினால் இரட்டைப்படையும் சேர்ந்துகொள்ளும். கம்பி ஒரு பக்கம் மட்டும் உரசும் தம்புராவை இந்த இரண்டாம் வகைக்கு உறவாகக் கொள்ளலாம். வால்வு பெருக்கிகள் இந்த வெட்டைத் திடீரென்று வெட்டாமல் தழையத் தழைய வளைக்கும். மிதமான வெட்டுக்கு ஓவர்டிரைவ் என்றும், கடுமையானதற்கு டிஸ்டார்ஷன் என்றும், மலையை அறவே செங்கல்லாக்கிவிடுவதற்கு ஃபஸ் என்றும் பெயர். எல்லை வரப்புகள் திட்டமானவை அல்ல. விற்பவர் விருப்பம்போல் பெயர் மாறும்.

ஒரு வேற்றுமையையும் சொல்லவேண்டும். இழை எந்தச் சக்தியையும் புதிதாகக் கொடுப்பதில்லை; விரல் கொடுத்ததைத்தான் பங்கிட்டு அளிக்கிறது. ஆகவே மீட்டியவுடன் பளிச்சென்று எழும் மேல்சுரங்கள் மெல்ல மெல்லக் கீழிறங்கி, வானவில் மடங்குவதுபோல் அடங்குகின்றன. பெட்டியோ மின்கலத்தின் துணையுடையது. கம்பியின் அதிர்வு தணிந்து வந்தாலும், கூரையை முட்டும் வரையில் வெளியே ஒரே பலத்தோடு ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த மாறாத்தன்மைதான் அலுப்பூட்டுகிறது என்பது என் செவியின் தீர்ப்பு. நாற்பது நிமிடம் இடைவிடாமல் ஃபஸ் கேட்க என்னால் ஆகாது. தம்புராவை நாள் முழுதும் கேட்கலாம்.

கிதாருக்கென்று செய்த பெட்டியைப் பாஸ் கிதாருக்கு மாட்டினால் ஏன் ஒத்துவருவதில்லை என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. கிதார்ப் பெட்டியில், வெட்டுவதற்கு முன்னாலேயே தாழ்ந்த அதிர்வுகளைப் பெரும்பாலும் வடிகட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் கிதாரின் ஒலி குழம்பிச் சேறாகிவிடும். பாஸ் கிதாருக்கு அந்தத் தாழ்ந்த அதிர்வே உயிர். பெட்டியை மிதித்த கணத்தில் குழுவின் அடித்தளமே மறைந்து, மேலே ஒரு கரகரப்பு மட்டும் மிதந்தால் யார்தாம் சகிப்பார்? தோன்றல் நடக்கும்போதே கெடுதலும் நடந்துவிடுகிறது என்று இலக்கணக்காரன் சொல்லுவான். இதற்கு மருந்தாகப் பாஸ் பெட்டிகளில் கலப்புக் குமிழ் என்று ஒன்றை வைத்தார்கள். வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெட்டாமல் இயல்பாகவே விட்டு, மற்றொன்றை மட்டும் விகாரப்படுத்தி, முடிவில் இரண்டையும் வேண்டிய அளவில் கலப்பது. 1965-இல் பீட்டில்ஸ் குழுவினர் ஒரு பாட்டில் இதையே கையால் செய்தார்கள். பால் மக்கார்ட்னி இயல்பான பாஸ் ஒன்றும், ஃபஸ் பெட்டி வழியாக மற்றொன்றும் வாசிக்க, இரண்டையும் சேர்த்துப் பதிந்தார்கள். தம்புராவிலோ இந்தக் கலப்பு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. இழையை நகர்த்தும் விரலே அங்கே கலப்புக் குமிழ்.

நான் மிகவும் வியப்பது வேறொன்றை. மின்பெட்டியின் வழியே ஒரு சுரத்தை மட்டும் அனுப்பினால், அதன் மடங்குகளே பிறக்கும். எல்லாம் சுருதியோடு சேர்ந்தவை. இரண்டு சுரங்களை ஒன்றாக அனுப்பினாலோ, அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகிய புதிய ஒலிகள் பிறந்துவிடுகின்றன. 100-உம் 150-உம் போனால், அதாவது சட்ஜமும் பஞ்சமமும் போனால், கழித்தல் 50, கூட்டல் 250. 50 கீழ்ச் சட்ஜம், 250 காந்தாரம். பிழையில்லை. 100-உம் 125-உம், அதாவது சட்ஜமும் காந்தாரமும் போனால், 25 என்று அடிமட்டத்தில் ஓர் உறுமல் பிறக்கும். சுருதி இம்மியளவு விலகிய இரண்டு சுரங்கள் போனால் கேட்கவே வேண்டாம். பாஸ் கிதார்க்காரர்கள் இந்தப் பெட்டியோடு ஒவ்வொரு சுரமாக வாசிப்பதன் காரணம் இதுவே.

கலியாணப் பந்தலில் நாகஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கி வழியே வரும்போது சில சமயம் காதைக் கிழிப்பதன் காரணமும் இதுவேதான். பெருக்கியை அதன் சக்திக்கு மேல் முடுக்கிவிட்டால், அதுவும் சிகரங்களை வெட்டத் தொடங்கும். அங்கே ஒரு வாத்தியம் மட்டும் வெட்டுப்படுவதில்லை. நாகஸ்வரம், தவில், ஒத்து, வாழ்த்துக் கூறுபவரின் குரல் எல்லாம் ஒரே கூரையின்கீழ் நெரிபட்டு, ஒன்றின் அதிர்வு மற்றொன்றோடு கூடியும் கழிந்தும் யாருக்கும் சொந்தமில்லாத ஒலிகளைப் பெறுகின்றன. பெரியவர்களின் கோபம் இந்த விகாரத்தின்மேல் பாயுமானால் நானும் அவர்களோடு சேர்ந்துகொள்வேன்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தம்புராவைப் பாருங்கள். பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நான்கு கம்பிகள். நான்குக்கும் தனித்தனியே நான்கு இழைகள். ஒவ்வொரு கம்பியும் தன் இடத்திலேயே, மற்றவற்றோடு கலப்பதற்கு முன்னாலேயே, தனியாக விகாரம் அடைகிறது. அதன் பிறகுதான் நான்கும் குடத்தில் ஒன்றுசேர்கின்றன. ஆகவே கூட்டல் கழித்தல் குழப்பத்துக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் தனிக் காந்தச் சுருளும் தனி வெட்டுச் சுற்றும் அமைத்து, இதே பலனைப் பெறும் மின்கிதார்களும் பிற்காலத்தில் வந்தன. விலை கூடுதல், சுற்றும் சிக்கல். நம்மவர் நான்கு துண்டு நூலில் முடித்துவிட்ட காரியம் அது.

அந்த நூலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இப்போது பாட்டு வகுப்புகளில் மின்னணுத் தம்புராவோ கைப்பேசியோ சுருதி கொடுக்கிறது. அதில் குற்றமில்லை, பேருந்தில் தம்புராவைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. ஆனால் அந்தக் கருவியில் கேட்பது, யாரோ ஒருவர் ஒரு நாள் இழை நகர்த்தி வைத்த நாதத்தின் நகல், அல்லது அதைப்போல் செய்யப்பட்டது. மாணவி தன் கையால் நகர்த்தி, எங்கே ஜீவன் எழுகிறது என்று தேடவேண்டிய தேவை அதில் இல்லை. இந்த மாவட்டத்துப் பள்ளியொன்றின் இசை வகுப்பறையில் நல்ல பலாமரத் தம்புரா ஒன்றைப் பார்த்தேன். கம்பிகள் நான்கும் இருந்தன. பிருடைகள் இறுக்கமாய் இருந்தன. குதிரைமேல் ஓர் இழைகூட இல்லை. மீட்டச் சொன்னேன், ‘தொம்’ என்றது. பழுதாகிவிட்டது என்று மாணவிகள் ஒரே குரலில் சொன்னார்கள். மேசைமேல் கிடந்த பூச்சரத்திலிருந்து நூல் பிரித்து நான்கு துண்டுகள் போட்டோம். மறுநாள் ஒரு மாணவியின் தமையன் தன் பாஸ் கிதாரையும் பெட்டியையும் கொண்டுவந்து, தம்புராவின் மந்தரத்துக்குத் தன் கம்பியைச் சேர்த்துக்கொண்டு, கலப்புக் குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்பினான். ஓரிடத்தில் இரண்டிலிருந்தும் ஒரே காந்தாரம் கேட்டது.

வீட்டில் தம்புரா உள்ளவர்கள் இன்றே செய்து பார்க்கலாம். முதலில் இழைகளை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருதி சேருங்கள். பருத்தி நூலோ பட்டு நூலோ விரற்கடை நீளத்தில் நறுக்கிக்கொள்ளுங்கள். முறுக்கு அவிழாத நூலாக இருக்கட்டும். மந்தரக் கம்பியிலிருந்து தொடங்குவது எளிது. அதில் மாறுதல் பெரிதாய்க் கேட்கும். கம்பியை இலேசாக உயர்த்தி, குதிரையின் சரிவிலே நூலை வைத்து, இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, மீட்ட மீட்ட அணு அணுவாக நகர்த்துங்கள். ஒலி மூக்கால் பேசுவதுபோல் நசுங்கினால் நூல் தாண்டிவிட்டது என்று பொருள். சற்றே திரும்பி வாருங்கள். நிறைந்த இடம் கிடைத்ததும் கையை எடுத்துவிடுங்கள். பிறகு சுருதியை மறுபடி ஒருமுறை சரி பார்க்கவேண்டும். இழை புகுந்தால் கம்பி இம்மியளவு ஏறியிருக்கும். அந்த அளவுக்குக் குதிரைக்கு அப்பாலுள்ள மணியை நகர்த்தினால் போதும், பிருடையைத் தொடவேண்டியதில்லை.